படம் எடுப்பவளே கேமராவைத் தேர்ந்தெடுக்கட்டும்!



மிக்ஸி, கிரைண்டர் வாங்குவதென்றால் நாம்தான் கடைக்குப் போகிறோம். ஜாரைத் திறந்து பார்க்கிறோம், மோட்டார் சத்தத்தைக் கேட்கிறோம், சர்வீஸ் எங்கே என்று விசாரிக்கிறோம், விலையில் நூறு ரூபாயாவது குறைக்காமல் வருவதில்லை. ஆனால் கேமரா என்றால் மட்டும், "அதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்" என்று ஒதுங்கிக் கொள்கிறோம். அவரோ, "என் ஃப்ரெண்டுக்குத் தெரியும்" என்பார். ஃப்ரெண்ட் சொன்னது வீட்டுக்கு வந்து சேரும். அதில் படம் எடுக்கப் போவது பெரும்பாலும் நாமோ, காலேஜ் போகும் நம் மகளோதான். நம்மிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா?

விளைவு என்ன? எத்தனையோ வீடுகளில் சீட்டுப் பணத்தில் வாங்கிய கேமரா, ஆறு மாசத்தில் பட்டுப் புடவைகளோடு பீரோவுக்குள் போய்விடுகிறது. "ரொம்ப கனமா இருக்கு", "உள்ளே எடுத்தா கலங்கலா வருது", "செல்போனே தேவலை" என்கிறோம். கேமராவின் மேல் தப்பில்லை. யாருக்காக, எதற்காக வாங்குகிறோம் என்று யோசிக்காமல் வாங்கியதன் பலன் இது. எங்கள் வீட்டில் நாலு வருஷமாக டி.எஸ்.எல்.ஆர். இருக்கிறது, அதிகம் கையாளுவதும் நான்தான் என்பதால், எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதல் கேள்வி, அது நமக்குத் தேவையா என்பதுதான். எடுக்கும் படத்தை போனில் பார்த்து, வாட்ஸ் அப்பில் அனுப்புவதோடு சரி என்றால், கையில் இருக்கும் செல்போனே போதும். அந்தப் பணத்தில் இரண்டு கிராம் தங்கம் சேர்த்து வைக்கலாம். ஆனால் ஆல்பம் போட வேண்டும், பெரிதாக்கி மாட்ட வேண்டும், விளக்கு வெளிச்சத்தில் கொலுவையும் கார்த்திகை தீபத்தையும் எடுக்க வேண்டும், மகள் இதை ஒரு தொழிலாகக் கற்றுக் கொள்ள வேண்டும் என்றால், அப்போது டி.எஸ்.எல்.ஆரைப் பற்றி யோசிப்பதில் அர்த்தம் இருக்கிறது.

டி.எஸ்.எல்.ஆர். என்றால் பெரிய கம்பசூத்திரம் இல்லை. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை உள்ளே இருக்கும் ஒரு கண்ணாடி மேலே திருப்பி, நம் கண்ணுக்குக் காட்டுகிறது. பட்டனை அழுத்தும் நொடியில் கண்ணாடி மேலே எழும்பி வழிவிடும். படம் பதிவாகும். 'டப்' என்ற சத்தம் அதுதான். இந்தக் கண்ணாடி இல்லாமல் வருபவை 'மிரர்லெஸ்' கேமராக்கள். இப்போது கம்பெனிகள் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. சோனி 2021-ல் டி.எஸ்.எல்.ஆரை விட்டே விட்டது. கேனன், நிக்கான் இரண்டும் 2020-க்குப் பிறகு புது டி.எஸ்.எல்.ஆர். மாடல் எதுவும் கொண்டு வரவில்லை.

"அப்படின்னா பழசை ஏன் வாங்கணும்?" என்று கேட்பீர்கள். கையில் தாராளமாகப் பணம் இருந்தால் மிரர்லெஸ்ஸே வாங்குங்கள். அளவாகச் செலவு செய்கிறவர்களுக்கோ இது நல்ல சமயம். பலர் புதியதற்கு மாறுவதால், நல்ல டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களும் லென்ஸுகளும் கை மாறி, பாதி விலைக்கும் கீழே கிடைக்கின்றன. படம் எடுக்கக் கற்றுக் கொள்ள இவை தாராளமாகப் போதும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கடையில் எல்லாரும் 'பாடி'யைப் பற்றித்தான் பேசுவார்கள். எத்தனை மெகாபிக்சல் என்று அடுக்குவார்கள். ஆல்பத்தில் ஒட்டும் 6-க்கு 4 அங்குலப் படத்துக்கு 2 மெகாபிக்சலுக்குச் சற்று அதிகம் இருந்தாலே போதும். சுவரில் மாட்டும் 12-க்கு 18 அங்குலத்துக்குக்கூட 20 இருந்தால் நிறைவு. பத்து வருஷத்துக்கு முன் வந்த சாதாரண டி.எஸ்.எல்.ஆரிலேயே பெரும்பாலும் 18 முதல் 24 வரை உண்டு. அதனால் அந்த எண்ணுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். பணத்தை லென்ஸுக்கு மிச்சம் பிடியுங்கள். கையில் நூறு ரூபாய் இருந்தால், அறுபதுக்கு மேல் பாடிக்குப் போகக்கூடாது என்பது என் அபிப்பிராயம்.

ஏன் என்று சொல்கிறேன். கேமராவோடு சேர்த்துக் கொடுப்பது 18-55 மி.மீ. லென்ஸ். பகலில், வாசலில், தோட்டத்தில் இது அருமையாக எடுக்கும். கொஞ்சம் இழுத்துக் கிட்டத்தில் எடுத்தால், அதன் திறப்பு எஃப் 5.6-க்குச் சுருங்கிவிடும். எஃப் என்பது ஜன்னல் திறப்பு மாதிரி. எண் குறையக் குறைய ஜன்னல் பெரிசு. எஃப் 1.8 லென்ஸ், எஃப் 5.6-ஐ விட ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். சாயந்திரம் டியூப்லைட் வெளிச்சத்தில் குழந்தையை எடுக்கிறோம். 18-55 லென்ஸுக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் வேண்டியிருந்தால், எஃப் 1.8 லென்ஸுக்கு நூறில் ஒரு பங்கு போதும். குழந்தை அசையாமல் இருக்குமா? முதலாவதில் முகம் கலங்கும், இரண்டாவதில் கண் இமைகூடத் தெரியும். ஃப்ளாஷ் போட்டு முகத்தை வெளிற அடிக்க வேண்டாம்.

இப்படிப்பட்ட லென்ஸ் எல்லாம் கோடீஸ்வரர்களுக்கு என்று நினைக்காதீர்கள். கேனனின் 50 மி.மீ. எஃப் 1.8, நிக்கானின் 35 மி.மீ. எஃப் 1.8 இரண்டும் அந்தக் கம்பெனிகளின் லென்ஸுகளிலேயே விலை குறைந்தவற்றைச் சேர்ந்தவை. இவற்றில் ஜூம் கிடையாது. கிட்டே வர வேண்டுமானால் நாம்தான் நடக்க வேண்டும். நடக்க நடக்கத்தான் படம் எடுக்கவும் கற்றுக் கொள்கிறோம்.

ஒன்றை மட்டும் வீட்டில் அளந்து பாருங்கள். சாதாரண டி.எஸ்.எல்.ஆரில் 50 மி.மீ. மாட்டி 10 அடி தள்ளி நின்றால், அகலவாக்கில் சுமார் நாலரை அடிதான் படத்தில் விழும். ஒரு ஆளுக்கு அற்புதம். நாலு பேர் நின்றால் ஓரத்தில் இருப்பவர் வெட்டுப்படுவார். 35 மி.மீ. என்றால் ஆறரை அடிக்கு மேல் விழும். 18 மி.மீ. என்றால் 12 அடி. நம் ஹாலின் நீளம் நமக்குத்தானே தெரியும்? சின்ன வீடு என்றால் கேனன்காரர்களுக்கு 24 மி.மீ. எஃப் 2.8 என்று அப்பளம் மாதிரி ஒரு லென்ஸ் உண்டு. அதையும் விசாரியுங்கள்.

லென்ஸ் வாங்கும்போது பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துக்களைப் பார்க்காமல் பணத்தை எண்ண வேண்டாம். நிக்கான் டி3500, டி5600 போன்ற ஆரம்ப மாடல்களில் ஃபோகஸ் செய்யும் மோட்டார் பாடிக்குள் இல்லை, லென்ஸுக்குள் இருக்க வேண்டும். 'ஏ.எஃப்.-எஸ்' அல்லது 'ஏ.எஃப்.-பி' என்று போட்டிருந்தால் நல்லது. '50 மி.மீ. 1.8 டி' என்ற பழைய லென்ஸ் மலிவாக வரும். மாட்டவும் செய்யும், ஆனால் நாமே கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். கேனன் டி.எஸ்.எல்.ஆருக்கு 'இ.எஃப்' அல்லது 'இ.எஃப்.-எஸ்' வேண்டும். 'ஆர்.எஃப்' என்பது மிரர்லெஸ்ஸுக்கு, நம் கேமராவில் மாட்டவே மாட்டாது. இரண்டிலும் 50 மி.மீ. 1.8 உண்டு என்பதால் ஏமாறுவது சுலபம்.

இரட்டை லென்ஸ் கிட்டில் வரும் நீள லென்ஸைப் பார்த்து மயங்க வேண்டாம். மாடியில் நின்று பறவை எடுக்க, ஸ்போர்ட்ஸ் டே ஓட்டத்தை எடுக்க அது சரி. ஆண்டு விழா மேடையில், இருட்டு ஹாலில், நடனமாடும் பிள்ளையை எடுக்க அதற்கு வெளிச்சம் போதாது. கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதிக்கு கேனனில் 'ஐ.எஸ்', நிக்கானில் 'வி.ஆர்' என்று பெயர். நிக்கானின் 70-300 லென்ஸ் அந்த வசதியோடும் வருகிறது, இல்லாமலும் வருகிறது. பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். எழுத்தைப் படித்து வாங்குங்கள். ஒரு விஷயம், அந்த வசதி நம் கை நடுக்கத்துக்குத்தான். ஓடும் குழந்தையை அது நிறுத்தாது.

பாடியைப் பொறுத்தவரை, கையில் பிடித்துப் பார்க்காமல் வாங்கவே கூடாது. ஃப்ரெண்டின் கைக்குச் சரியாக இருப்பது நம் கைக்குச் சரியாக இருக்குமா? நிக்கான் டி3500 பாட்டரி, கார்டோடு 415 கிராம்தான். பெரிய மாடல்கள் லென்ஸோடு ஒரு கிலோவைத் தாண்டும். இடுப்பில் குழந்தையும் தோளில் பையுமாகப் போகிறவளுக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பெரிசு. கண்ணாடி போடுகிறவர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். கண் வைக்கும் இடத்தின் பக்கத்தில், பார்வைக்கு ஏற்பத் திருப்பும் சின்னச் சக்கரம் இருக்கும். கேனன் 3000டியில் அது இல்லை, லென்ஸ் மாட்டும் வளையமும் பிளாஸ்டிக். சமையல் வீடியோ எடுக்கும் எண்ணம் இருந்தால், மைக் சொருகும் இடமும், நம் பக்கம் திரும்பும் திரையும் உள்ள கேனன் 200டி மார்க் டூ மாதிரியானதைப் பாருங்கள். டி3500-ல் மைக் சொருக வழியில்லை.

கை மாறி வாங்குவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. ஆனால் கத்தரிக்காய் பொறுக்குவது போலப் பொறுக்க வேண்டும். லென்ஸைக் கழற்றி, போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை, வேண்டாம். எஃப் 16-ல் வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கரும்புள்ளிகள் இருந்தால் உள்ளே தூசி. அதைச் சுத்தம் செய்ய முடியும், விலையைக் குறைத்துக் கேளுங்கள். இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று கேளுங்கள். டி3500 ஒரு லட்சம் படத்துக்குச் சோதிக்கப்பட்டது. எண்பதாயிரம் ஓடியதை இருபதாயிரம் ஓடியதன் விலைக்கு வாங்கலாமா? பில்லும் கேமராவின் அடியில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்று பாருங்கள். 'பை, ஸ்டாண்டு, ஃபில்டர் ஃப்ரீ' என்றால், "அதெல்லாம் வேண்டாம், விலையைக் குறைங்க" என்று நம் பாணியில் கேளுங்கள்.

வாங்கி வந்ததும் தோல் பையிலோ பீரோவிலோ பூட்ட வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் பூஞ்சை சீக்கிரம் வரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்கள் போட்டு வையுங்கள். வாரம் ஒருமுறை எடுத்துப் பயன்படுத்துங்கள். சமையலறை அலமாரியைச் சுத்தமாக வைத்திருக்கிற நமக்கு இது ஒரு பெரிய வேலையா?

இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர் ஹோமாய் வியாரவாலா. 1913-ல் பிறந்தவர், நாட்டின் விடுதலைக் காலத்தைப் படங்களாகக் கொடுத்தவர். அவர் ஆரம்பத்தில் எடுத்த படங்கள் கணவர் பெயரில்தான் அச்சாயின. 2011-ல் அவருக்கு பத்ம விபூஷண் கிடைத்தது, அடுத்த ஆண்டு காலமானார். பெண் எடுத்த படத்துக்கு அவள் பெயர் போடத் தயங்கிய காலம் போய்விட்டது. அவள் எடுக்கப் போகும் கேமராவை வேறொருவர் தேர்ந்தெடுக்கும் காலம் மட்டும் ஏன் இன்னும் போகவில்லை?

நூற்றுக்கு நூறு எல்லாம் தெரிந்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும் என்றில்லை. வீட்டுக்காரரையும் அவர் நண்பரையும் கூட அழைத்துப் போங்கள். அவர்கள் ஆலோசனை சொல்லட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கேமராவைக் கையில் வாங்கிப் பார்ப்பதும், கேள்வி கேட்பதும், "இதுதான்" என்று சொல்வதும் படம் எடுக்கப் போகிறவளாக இருக்கட்டும். மகள் கேட்டால், "உனக்கு எதுக்குடி இதெல்லாம்?" என்று அடக்காமல், "என்ன எடுக்கப் போறே? எங்கே எடுக்கப் போறே?" என்று கேளுங்கள். அவள் சொல்லும் பதிலில்தான் எந்த லென்ஸ் என்பது இருக்கிறது.

நான் சொல்வது சரிதானே தோழிகளே?

– ஒரு வாசகி, கும்பகோணம்.