பதினைந்து நாளில் பதில் சொல்லுங்கள்

திருக்கோவிலூரில் இரவுப் பேருந்து ஏறி, விடியுமுன் கிளாம்பாக்கத்தில் இறங்கி, அங்கேயே முகம் கழுவி உடை மாற்றிக்கொண்டு, சான்றிதழ் ஃபைலோடு சோழிங்கநல்லூருக்குப் போன ஒரு பெண்ணை நமக்குத் தெரியும். அது அவருக்கு ஐந்தாவது ரவுண்டு. ஆன்லைன் தேர்வு, தொலைபேசி, வீடியோ, நேர்முகம் என நான்கு முடிந்திருந்தன. வரவேற்பறையில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, "பேனல்ல ஒருத்தர் லீவு, அடுத்த வாரம் வாங்க" என்றார்கள். அடுத்த வாரமும் போனார். சனி, ஞாயிறில் செய்து அனுப்பும்படி ஒரு 'சின்ன ப்ராஜெக்ட்' கொடுத்தார்கள். இரண்டு இரவு கண்விழித்துச் செய்து அனுப்பினார். கடைசியாக ஹெச்.ஆர். அழைத்து, மூன்று மாத சம்பள ரசீதுகளை வாங்கிக்கொண்டு, "சொல்றோம்" என்றார். இரண்டு மாதம் ஆகிறது. மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை, போனையும் எடுப்பதில்லை. இப்போது இருக்கும் வேலையில் காய்ச்சல் என்று சொல்லி எடுத்த நான்கு நாள் விடுப்புக்குச் சம்பளம் பிடித்துவிட்டார்கள். "போன் வந்துச்சா?" என்று அம்மா கேட்பதால், வீட்டில் போனைச் சைலன்ட்டில் போட்டுவிடுகிறாராம்.

வேலை கிடைக்காததைப் பற்றி நமக்குப் புகாரில்லை. ஓர் இடத்துக்கு நூறு பேர் போட்டியிட்டால் தொண்ணூற்றொன்பது பேர் திரும்பித்தான் ஆகவேண்டும். 'உங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை' என்று ஒரு வரி எழுத மறுப்பதைத்தான் கண்டிக்கிறோம்.

இந்த மௌனத்தை மறதி என்றோ வேலைப்பளு என்றோ நினைத்துவிடக் கூடாது. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஐ.டி. நிறுவனங்கள் பலவற்றில் நோட்டீஸ் பீரியட் 90 நாள். தேர்வானவர் பழைய இடத்திலிருந்து விடுபட்டு வந்து சேர மூன்று மாதம் ஆகும், வராமலும் போகலாம். அதனால் அடுத்த இரண்டு, மூன்று இடங்களில் இருப்பவர்களை 'ஹோல்டு' செய்து வைக்கிறார்கள். இல்லை என்று சொன்னால் அவர்கள் வேறு இடம் தேடிப் போய்விடுவார்கள். ஆம் என்றால் வேலை கொடுத்தாக வேண்டும். ஆகவே வாயே திறப்பதில்லை. நிறுவனத்தின் பாதுகாப்புக்காக ஒருவருடைய மூன்று மாத வாழ்க்கை அவரைக் கேட்காமலேயே அடகு வைக்கப்படுகிறது.

"ஆஃபர் லெட்டரை வாங்கிக்கொண்டு வராமல் போகிறவர்கள் இல்லையா?" என்று நிறுவனங்கள் கேட்கின்றன. இருக்கிறார்கள், அதுவும் தவறுதான். ஆனால் கையில் ஆஃபரோடு மூன்று மாதம் வேறு இடம் தேட அவகாசம் தருவதே அந்த 90 நாள் விதிதான். அதை எழுதியது விண்ணப்பதாரர் அல்ல. 'நீங்கள் இரண்டாவது இடத்தில் இருக்கிறீர்கள், இன்ன தேதிக்குள் முடிவு தெரியும்' என்று உண்மையைச் சொல்வதில் நிறுவனத்துக்கு என்ன நஷ்டம்? காத்திருப்பதா வேண்டாமா என்பதை அவர் முடிவுசெய்துகொள்வார்.

நம் சட்டத்துக்கு இது தெரியாத விஷயமும் அல்ல. வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்குக் காலியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்கும் சட்டம் 1959இலேயே வந்தது. 25 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் தனியார் நிறுவனங்களுக்கும் அது பொருந்தியது. தேர்வு முடிந்த 15 நாளுக்குள் முடிவை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதன் கீழ் வந்த விதிகள் சொல்லின. எத்தனை பேர் கடைப்பிடித்தார்கள் என்பது வேறு விஷயம். நம்மை உறுத்துவது இதுதான்: அலுவலகத்துக்கு முடிவு தெரிய வேண்டும் என்று நினைத்த சட்டம், வியர்க்க விறுவிறுக்க வந்து போனவருக்கும் தெரிய வேண்டும் என்று நினைக்கவில்லை. 2020இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் அது சேர்க்கப்பட்டபோதும் இந்தக் குறை தீரவில்லை.

நம்மவர்கள் பெருமளவில் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் இதைத் தீர்த்திருக்கிறது. 25 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனம், நேர்முகத்துக்கு அழைத்தவரிடம் கடைசி நேர்முகத்திலிருந்து 45 நாளுக்குள் முடிவு எடுக்கப்பட்டுவிட்டதா என்பதைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2026 ஜனவரி 1 முதல் அங்கே நடைமுறைக்கு வந்துள்ளது. உண்மையிலேயே காலியிடம் இருக்கிறதா என்பதையும் விளம்பரத்திலேயே சொல்லியாக வேண்டும். பயோடேட்டா சேர்த்து வைப்பதற்காகவே விளம்பரம் கொடுக்கும் பழக்கத்துக்கு இங்கும் அப்படியொரு கடிவாளம் தேவை.

தொழிலாளர் நலம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. டெல்லியைப் பார்த்துக்கொண்டு சென்னை காத்திருக்க வேண்டியதில்லை. ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுக்க நின்று கால் வீங்கியவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது இதே சட்டமன்றம்தான். அதே அக்கறையோடு இதையும் எடுத்துக்கொள்ள வேண்டும். எத்தனை ரவுண்டு என்பதை முதல் அழைப்பிலேயே எழுத்தில் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து செய்யச் சொல்லும் ப்ராஜெக்ட்டுக்குக் கூலி தரவேண்டும். நேரில் வரச் சொல்லிவிட்டு நேர்முகத்தை ரத்து செய்தால் போக்குவரத்துச் செலவை நிறுவனமே ஏற்க வேண்டும். கடைசி ரவுண்டு முடிந்து 15 நாளுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும், மீறினால் அபராதம். ஒன்ராறியோ கொடுத்த 45 நாள் நமக்குத் தேவையில்லை. நம் பழைய விதிகளில் இருந்ததே 15 நாள்தான்.