செல்போனில் சத்தம் வரவில்லையா? கடைக்குப் போகும் முன் கவனியுங்கள்!

''எங்கள் வீட்டு ஸ்மார்ட்போனில் 10 நாள்களாகச் சத்தமே வருவதில்லை. யார் கூப்பிட்டாலும் தெரிவதில்லை. கிணற்று மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறோம். மோட்டார் நின்றுபோனால் அதிலிருந்து போன் வரும். அது கேட்காததால், 2 முறை தண்ணீர் பாயாமல் வெண்டைச் செடிகள் வாடிவிட்டன. கடையில் காட்டினால், 'போர்டு போயிருக்கும். புது போன் வாங்கிவிடுங்கள்' என்கிறார்கள். நாங்களே சரிசெய்ய வழி இருக்கிறதா?''

- வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்.

வழி இருக்கிறது. சத்தம் வரவில்லை என்றதும் போர்டு போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். கை தவறிப்பட்டு மாறிய ஒரு செட்டிங், ஸ்பீக்கர் துளையில் அடைத்த தூசி, எப்போதோ இணைத்த புளூடூத் என்று செலவே வைக்காத காரணங்கள் பல இருக்கின்றன. எந்தச் சத்தம் வருகிறது, எது வரவில்லை என்று பிரித்துப் பார்த்தால், கோளாறு எங்கே என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

எந்தச் சத்தம் வரவில்லை?

போனில் இரண்டு ஒலிபெருக்கிகள் உண்டு. திரைக்கு மேலே, காதில் வைக்கும் இடத்தில் இருப்பது ஒன்று. ரிங்டோன், பாட்டு எல்லாம் வருகிற பெரிய ஸ்பீக்கர், பல போன்களில் சார்ஜர் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும். முதலில் ஒரு பாட்டைப் போடுங்கள். பிறகு, வேறு போனில் இருந்து கூப்பிடச் சொல்லி, காதில் வைத்தும், ஸ்பீக்கரில் போட்டும் பேசிப் பாருங்கள். கடைசியாக, ஒரு ஹெட்செட்டைச் சொருகிக் கேளுங்கள்.

பாட்டு கேட்கிறது, ரிங் மட்டும் இல்லை என்றால் ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, செட்டிங்தான் மாறியிருக்கிறது. காதில் வைத்தால் கேட்கவில்லை, ஸ்பீக்கரில் போட்டால் கேட்கிறது என்றால் மேலே உள்ள துளை அடைத்திருக்கலாம். அல்லது, திரைமேல் ஒட்டிய கண்ணாடி அதை மறைத்திருக்கலாம். ஹெட்செட்டில் மட்டும் கேட்கிறது என்றால் பெரிய ஸ்பீக்கரையோ, சொருகும் துளையையோ கவனிக்க வேண்டும். எதிலுமே கேட்கவில்லை என்றால்தான் போர்டைப் பற்றி யோசிக்க வேண்டும். அதற்கு முன்பும் போனை ஒரு முறை அணைத்துப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

செட்டிங்கில் பார்க்க வேண்டியவை

போனின் பக்கவாட்டில் உள்ள பட்டனை அழுத்திச் சத்தத்தைக் கூட்டினால், பல போன்களில் பாட்டு, வீடியோவுக்கான சத்தம் மட்டும்தான் கூடும். ரிங்டோன் சத்தம் அப்படியே இருக்கும். செட்டிங்ஸில் 'சவுண்ட்' பகுதிக்குப் போனால் மீடியா, ரிங்டோன், அலாரம் எனத் தனித்தனிக் கோடுகள் தெரியும். ஒவ்வொன்றையும் வலதுபக்கம் நகர்த்துங்கள். பேசும்போது வரும் சத்தத்தை, பேசிக்கொண்டிருக்கும்போதே பட்டனை அழுத்திக் கூட்ட வேண்டும்.

அடுத்து, திரையை மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள். 'சைலன்ட்', 'வைப்ரேட்' இருந்தால் மாற்றுங்கள். 'டூ நாட் டிஸ்டர்ப்' என்ற வசதி ஆனில் இருந்தால் அழைப்பு வரும், சத்தம் வராது. குழந்தைகள் விளையாடும்போது இது ஆன் ஆகிவிடுவது உண்டு. இரவில் தானாக ஆன் ஆகும்படி நேரம் குறித்து வைத்திருந்தாலும் இதே கதைதான். இரவில் வரும் மும்முனை மின்சாரத்தை நம்பி மோட்டார் ஓட்டுபவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். மின்னல் எச்சரிக்கை கொடுக்கும் 'தாமினி' செயலியை வைத்திருப்பவர்களுக்கும் இது முக்கியம். அந்த எச்சரிக்கையும் சத்தமில்லாமல் வந்து போய்விடக்கூடும்.

புளூடூத்தையும் அணைத்துப் பாருங்கள். டிராக்டரில் உள்ள பாட்டுப் பெட்டியோடு போனை இணைத்திருந்தால், போன் வீட்டுத் திண்ணையில் இருக்கும். சத்தம் வாசலில் நிற்கும் டிராக்டரில் வரும். ஹெட்செட் சொருகாமலே திரையில் ஹெட்செட் படம் தெரிந்தால், அந்தத் துளையில் தூசியோ, ஈரமோ இருக்கிறது. ஹெட்செட்டை நான்கைந்து முறை சொருகி எடுத்தால் சரியாக வாய்ப்பு உண்டு.

இத்தனையும் செய்து சரியாகவில்லை என்றால், 'சேஃப் மோடு' முறையில் போனைப் போட்டுப் பாருங்கள். பல போன்களில் பவர் பட்டனை அழுத்தியதும் வரும் 'பவர் ஆஃப்' என்ற சொல்லின் மீது விரலைச் சில நொடிகள் வைத்திருந்தால் இந்த வசதி வரும். இந்த முறையில் சத்தம் வந்தால், புதிதாக ஏற்றிய ஏதோ ஒரு செயலிதான் காரணம். அதை நீக்கிவிடுங்கள். போனை அணைத்துப் போட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

தூசியை எடுப்பது எப்படி?

நெல் தூற்றும் களம், மாட்டுக்கொட்டகை, சட்டைப்பையில் உள்ள நூல் பிசிறு... இவையெல்லாம் ஸ்பீக்கர் துளையை அடைக்கும். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கரகரப்பாகி, பிறகு நின்றிருந்தால் தூசியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். போனை அணைத்து, உறையைக் கழற்றுங்கள். ஸ்பீக்கர் பக்கம் கீழே இருக்கும்படி பிடித்து, உலர்ந்த, மென்மையான, புதிய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டிவிடுங்கள்.

ஊசி, குண்டூசி, ஊக்கு கூடவே கூடாது. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உள்ள சின்னத் துளை, நம் பேச்சை எடுக்கும் மைக். அதில் ஊசி நுழைந்தால், இருக்கிற கோளாறோடு, நீங்கள் பேசுவதும் எதிர்முனையில் கேட்காமல் போய்விடும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரைக் கொண்டும் ஊதக் கூடாது. தூசி இன்னும் உள்ளே போவதோடு, ஸ்பீக்கரின் மெல்லிய சவ்வும் கிழியலாம். எண்ணெய், பெட்ரோல், மண்ணெண்ணெயும் வேண்டாம்.

கடைக்குக் கொண்டுபோகும்போது...

ஸ்பீக்கர் கெட்டிருந்தால் ஸ்பீக்கரை மட்டும் மாற்றினால் போதும். சாதாரண போன்களில் இது சில நூறு ரூபாய் வேலைதான். சாம்சங் போனாக இருந்தால், *#0*# என்று டயல் செய்தால் சோதனைத் திரை வரும். அதில் 'ஸ்பீக்கர்', 'ரிசீவர்' என்பவற்றைத் தனித்தனியாகத் தொட்டுப் பார்க்கலாம். கடைக்காரர் முன்னாலேயே இதைச் செய்யுங்கள். ஹெட்செட்டில் தெளிவாகக் கேட்கும்போது, 'போர்டு மாற்ற வேண்டும்' என்று சொன்னால், இன்னொரு கடையிலும் கேட்டுவிடுங்கள். பொருளுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். வாங்கி ஓராண்டு ஆகாத போன் என்றால், பில்லை எடுத்துக்கொண்டு அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். வெளியில் பிரித்தால் வாரன்டி கிடைக்காமல் போகலாம்.

போனை விட்டுவிட்டு வருவதாக இருந்தால் சிம் கார்டையும் மெமரி கார்டையும் கழற்றிக்கொள்ளுங்கள். பணம் அனுப்பும் செயலியின் ரகசிய எண்ணை யாருக்கும் சொல்ல வேண்டாம். 'எல்லாவற்றையும் அழித்தால் சரியாகும்' என்று சொன்னால், படங்கள், தொலைபேசி எண்களை வேறு இடத்தில் சேமித்த பிறகு சம்மதியுங்கள்.

போன் சரியாகும் வரை பயிர் காத்திருக்காது. பல மொபைல் ஸ்டார்ட்டர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட எண்களைப் பதிவு செய்ய முடியும். இன்றைக்கே வீட்டில் உள்ள மற்றொருவரின் எண்ணையும் சேர்த்துவிடுங்கள். போன் சரியான பிறகு, ஸ்டார்ட்டரில் உள்ள சிம் எண்ணை 'மோட்டார்' என்று பதிந்து, அதற்கு நட்சத்திரக் குறி போட்டு வையுங்கள். 'டூ நாட் டிஸ்டர்ப்' ஆனில் இருந்தாலும், நட்சத்திரக் குறி போட்ட எண்கள் மட்டும் ஒலிக்கும்படி அந்தப் பகுதியிலேயே அமைத்துக்கொள்ளலாம்.

''மருந்து தெளிக்கும்போது டேங்க் கசிந்து, சட்டைப்பையில் இருந்த போன் நனைந்துவிட்டது. அரிசிக்குள் போட்டு வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். உண்மையா?''

- வாசகர், தேனி மாவட்டம்.

அரிசியில் போடுவதால் பலன் இல்லை. தவிட்டுத் தூளும் குருணையும் துளைகளுக்குள் போய், புதிய தொல்லையைக் கொடுக்கும். ஐபோன் தயாரிக்கும் ஆப்பிள் நிறுவனமே, நனைந்த போனை அரிசியில் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது.

நனைந்ததும் போனை அணைத்துவிடுங்கள். சார்ஜ் போடாதீர்கள். கையுறை அணிந்து, மருந்து பட்ட போனைத் துணியால் துடைத்து, உறையையும் சிம் கார்டையும் கழற்றுங்கள். ஸ்பீக்கர் பக்கம் கீழே இருக்கும்படி சாய்த்து, நிழலில், மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் முழுக்க வைத்திருங்கள். வெயிலோ, அடுப்புச் சூடோ வேண்டாம். நனைந்தது வெறும் தண்ணீராக இருந்தால் இதுவே போதுமானதாக இருக்கலாம். மருந்து, உரக்கரைசல், உப்புத் தண்ணீர் என்றால் காத்திருக்காமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, பிரித்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். உப்பு உள்ளே தங்கினால் இணைப்புகளை அரித்துவிடும். மருந்து பட்ட போனைச் சுத்தம் செய்யாமல் காதில் வைத்துப் பேசுவது உடலுக்கும் கேடு. அடுத்த முறை, மருந்து தெளிக்கப் போகும்போது போனை வரப்பிலேயே ஒரு டப்பாவுக்குள் வைத்துவிட்டுப் போங்கள்.