பெர்த்துக்குப் போன இரண்டு கம்பெனிகள்

“அண்ணா, அங்க ஒரு பிராஞ்ச் போட்டுடலாமா? நீங்கதான் இருக்கீங்களே!” ஊரில் கம்பெனி தொடங்கிய சொந்தக்காரர் யாராவது இருந்தால், இந்தக் கேள்வி உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கும். எனக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது வருகிறது. பாசத்தோடுதான் கேட்கிறார்கள். பதிலை மட்டும் பாசத்தில் சொல்லிவிட முடியாது.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் 2010-இல் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க்கின் முதல் வாடிக்கையாளர், 2011-இல், அந்த ஊர்ப் பள்ளி ஒன்று. அங்கே ஆபீஸ் கிடையாது, ஆளும் கிடையாது. சென்னையில் எழுதிய மென்பொருள் பெர்த்திலும் அப்படியே ஓடியது. 2021-இல் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் அது நாஸ்டாக் பங்குச்சந்தை வரை போனது.

2018-இல் ஓலாவும் வெளிநாட்டில் முதலில் கால் வைத்தது அதே பெர்த்தில்தான். பிறகு பிரிட்டன், நியூசிலாந்து. வாடகைக் கார் தொழிலில் டிரைவர், லைசென்ஸ், பயணி என்று எல்லாவற்றையும் ஊருக்கு ஊர் முதலிலிருந்து சேர்க்கணும். பெங்களூரில் எத்தனை டிரைவர் இருந்தாலும் பெர்த்தில் ஒரு சவாரிக்கும் உதவாது. ஊபர் வேறு அங்கே முன்னமே இருந்தது. 2024 ஏப்ரலில் ஓலா மூன்று நாடுகளிலும் சேவையை நிறுத்தியது.

கம்பெனியின் வயசு இதில் பெரிய விஷயம் இல்லை. அதனால் நான் மூன்று கேள்வி கேட்பேன். கூப்பிடாமலே அங்கிருந்து வந்து காசு கொடுத்து வாங்கியவர் உண்டா? சொந்தக்காரங்க கணக்கில் வர மாட்டாங்க. இருக்கிற பொருளை அப்படியே விற்கலாமா, இல்லை புதுசா ஆரம்பிக்கணுமா? இரண்டு வருஷம் நஷ்டம் வந்தால் ஊரில் இருக்கிற தொழில் தாங்குமா?

இன்னொன்றும் இருக்கிறது. சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் கம்பெனி பதிவு செய்ய, அந்த நாட்டிலேயே வசிக்கும் இயக்குநர் ஒருவராவது வேண்டும். பல நேரம் நம்மைத் தேடுவது அந்தக் கையெழுத்துக்காகத்தான். போட்டுவிட்டால் சட்டப் பொறுப்பும் உங்கள் தலையில் வரும்.

முதல் கேள்விக்கு “ஆமாம்” வராத வரை கையெழுத்து வேண்டாம். அதற்குப் பதில் ஒரு சனிக்கிழமையைக் கொடுங்கள். சாம்பிளை எடுத்துக்கொண்டு, உறவில்லாத பத்து பேரிடம் “இதை வாங்குவீங்களா?” என்று கேளுங்கள். அவர்கள் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் ஊருக்கு எழுதி அனுப்புங்கள். பணத்துக்கும் நல்லது, உறவுக்கும் நல்லது.