எண்ணூர்ச் சாம்பலில் நம் பங்கு

மாரண்டஹள்ளிக்குக் கடல் கிடையாது. நம் சின்னாறு ஒகேனக்கல்லில் காவிரியோடு சேருவதோடு சரி. ஆனாலும் எண்ணூர்க் கழிமுகம் நாசமாவதை ‘அது சென்னைக்காரர்கள் பாடு’ என்று ஒதுக்கிவிட முடியாது. தக்காளித் தோட்டத்து மோட்டாருக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? பக்கத்தில் இருப்பது மேட்டூர் அனல்மின் நிலையம்தான். ஆனால் மாநிலத்தின் மின்தொகுப்பு ஒன்றே. வடசென்னை அனல்மின் நிலையத்தின் உற்பத்தியும் அதில்தான் கலக்கிறது.

அங்கே எரியும் நிலக்கரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அதைத் தண்ணீரில் கரைத்து, உப்பங்கழியைத் தாண்டி, குழாய் வழியே செப்பாக்கம் சாம்பல் குட்டைக்கு அனுப்புகிறார்கள். குழாய் அரித்து உடைகிறது. கரைசல் ஆற்றில் கொட்டுகிறது. இப்படி வருடக்கணக்கில் கொட்டியதில் கொசஸ்தலையாற்றின் படுகை மேடாகிவிட்டது. ஏற்றத்தின்போது தாராளமாக உள்ளே வரவேண்டிய கடல் நீருக்கு வழி குறைந்துவிட்டது. படகுகள் தரை தட்டுகின்றன. இருளர்கள் சேற்றில் கைவிட்டுத் துழாவி இறால் பிடித்த இடத்தில் இன்று விரலில் ஒட்டுவது சாம்பல் நிறக் களி. காட்டுக்குப்பத்து மீனவர்கள் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் வந்து படிந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. மீனவர்களே வாளியால் மொண்டு அள்ளினார்கள். சாம்பலுக்கு அந்தக் கவனம்கூடக் கிடைக்கவில்லை. 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு ஈரநிலத்தைச் சீரமைக்கச் சொன்னது. சீரமைப்பு முடியும் முன்பே, 2024 மார்ச்சில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் 800 மெகாவாட் மூன்றாம் நிலையைத் திறந்துவிட்டார்கள்.

பணம் எங்கே என்று மின்வாரியம் கையை விரிக்கலாம். கடனில் தத்தளிக்கும் நிறுவனம்தான், மறுக்கவில்லை. ஆனால் சாம்பல் அள்ளுவதும் உற்பத்திச் செலவுதானே? அதைக் கட்டணத்தில் வெளிப்படையாகச் சேர்க்கட்டும். முணுமுணுத்துக்கொண்டே கட்டுவோம். இலவச மின்சாரம் பெறும் விவசாயிகளின் பங்கை அரசு மானியத்தில் ஏற்கட்டும். இத்தனை காலம் நம் மின்சாரத்துக்கான விலையில் ஒரு பகுதியை, கேட்காமலேயே, அந்தக் குப்பங்களின் தலையில் கட்டியிருக்கிறோம்.

படுகையிலுள்ள சாம்பல் முழுவதும் அள்ளப்படும்வரை எண்ணூரில் இன்னொரு நிலக்கரி அலகுக்கு அனுமதி கூடாது. அரித்துப்போன குழாய்களை ஒட்டுப்போடாமல் மாற்ற வேண்டும். அள்ளும் வேலையைக் கண்காணிக்கும் குழுவில் மீனவர்களும் இருளர்களும் இடம்பெற வேண்டும். அள்ளிய சாம்பல் சிமென்ட்டுக்கோ ஃப்ளை ஆஷ் கல்லுக்கோ போகட்டும். இன்னொரு ஊரின் ஏரிக்குப் போகக் கூடாது.