ஐந்து ஊர், ஐந்து மணி நேரம், ஒரு எக்செல் ஷீட்

டிஸ்கி: பதிவு கொஞ்சம் நீளம், கொஞ்சம் காரம். எங்க கிளாஸ் ஆளுங்க யாராவது "இவன் நம்மளத்தான் சொல்றான்"னு நினைச்சா, ஆமா, உங்களைத்தான். :-)

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். இத்தாலியில் இருக்கும் சிங்க்வே தெர்ரே கடற்கரைக்கு "ஒரே நாளில் ஐந்து ஊர்" என்று திட்டம் போடுவது சுத்த அபத்தம். போகிறவனுக்கும் நஷ்டம், அந்த ஊர்க்காரனுக்கும் நஷ்டம். லாபம் யாருக்கு என்றால் டூர் பேக்கேஜ் விற்பவருக்கும், கப்பல் கம்பெனிக்கும்தான். பி.காம். படிக்கிறவன் கடற்கரையைப் பற்றி என்ன பேசுவது என்று கேட்காதீர்கள். இது முழுக்க முழுக்கக் கணக்கு விஷயம்.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். வடமேற்கு இத்தாலியில் லிகூரியா என்று ஒரு மாநிலம். அங்கே லா ஸ்பெட்சியா என்ற துறைமுக நகரத்துக்குப் பக்கத்தில், செங்குத்தான மலை கடலில் இறங்கும் இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஐந்து சின்ன ஊர்கள்: ரியோமஜோரே, மனரோலா, கோர்னீலியா, வெர்னாட்சா, மொன்தெரோஸ்ஸோ. சிங்க்வே தெர்ரே என்றாலே "ஐந்து நிலங்கள்" என்றுதான் அர்த்தம். ஐந்து ஊரையும் கூட்டினால் மக்கள்தொகை சுமார் நாலாயிரம். நம்மூரில் ஒரு பெரிய காலேஜில் இதைவிட அதிகம் பேர் படிக்கிறார்கள். 1997-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 1999-ல் தேசியப் பூங்கா ஆனது. கம்ப்யூட்டர் வால்பேப்பரில், காலண்டரில், இன்ஸ்டாகிராமில் நீங்கள் பார்த்திருக்கும் அந்தக் கலர் கலரான வீடுகள் எல்லாம் இங்கேதான். நாலாயிரம் பேர் இருக்கும் இடத்துக்கு ஆண்டுக்குப் பல லட்சம் பேர் வருகிறார்கள்.

இப்போது எங்கள் குரூப் திட்டத்துக்கு வருகிறேன். டிகிரி முடிந்து, வேலையில் சேர்ந்து, முதல் வருஷச் சம்பளத்தைச் சேர்த்து எட்டுப் பேர் ஐரோப்பா போவதாக ஒரு எக்செல் ஷீட் ஓடிக்கொண்டிருக்கிறது. ரோம், ஃபிளாரன்ஸ், பீசா, வெனிஸ், மிலான், அப்புறம் ஸ்விட்சர்லாந்து. ஃபிளாரன்ஸுக்கும் மிலானுக்கும் நடுவே ஒரு வரி: "சிங்க்வே தெர்ரே - 5 மணி நேரம்". பக்கத்தில் ஒரு ஹார்ட் ஸ்மைலி வேறு.

சரி, அந்த ஐந்து மணி நேரத்தைக் காஸ்டிங் பண்ணிப் பார்ப்போம். மொத்தம் 300 நிமிடம். ஊருக்கு ஊர் ரயில்தான். பயணம் சில நிமிடம்தான் என்றாலும், பிளாட்பாரத்தில் கூட்டத்தோடு காத்திருப்பதையும் சேர்த்து ஒரு தாவலுக்கு 20 நிமிடம் என்று வையுங்கள். நாலு தாவலுக்கு 80 போச்சு. கோர்னீலியா மட்டும் கடலோரத்தில் இல்லை, மலைமேல் இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு 382 படிகள். மினிபஸ் உண்டு, அதற்கும் நிற்கணும். ஏற, இறங்க 30 நிமிடம். சாப்பாட்டுக்கு 45. மிச்சம் 145 நிமிடம். ஐந்தால் வகுத்தால் ஊருக்கு 29 நிமிடம். அதிலும் பாத்ரூம் வரிசையைக் கழிக்கவில்லை!

இந்த 29 நிமிடத்துக்காக ஃபிளாரன்ஸிலிருந்து இரண்டரை மணி நேரம் வந்து, பிறகு மிலானுக்கு மூன்று மணி நேரம் போகப் போகிறோம். இதற்குப் பேர் சுற்றுலா இல்லை மக்களே, ஸ்டாக் டேக்கிங். இருக்கா, இருக்கு, டிக் போடு, அடுத்தது.

"நம்ம காசு, நம்ம நேரம், வேஸ்ட் ஆனா உனக்கென்ன?" என்று கேட்கலாம். அங்கேதான் இரண்டாவது கணக்கு வருகிறது. அது அந்த ஊரின் ஐந்தொகை.

நாம் போட்டோவில் பார்த்து வாயைப் பிளக்கும் அந்த மலைச்சரிவு இயற்கையாக அமைந்தது இல்லை. நூற்றாண்டுகளாக மனிதர்கள் கல்லின்மேல் கல் வைத்து, சாந்து எதுவும் இல்லாமல் கட்டிய படிப்படியான வயல்கள். அந்தச் சுவர்களின் மொத்த நீளத்தைச் சீனப் பெருஞ்சுவரோடு ஒப்பிட்டுப் பேசுவார்கள். சாந்து இல்லாததால் மழைத் தண்ணீர் கல் இடுக்கு வழியாக வடிந்துவிடும், மண் மட்டும் நிற்கும். இப்படிச் சாந்தில்லாமல் கல் சுவர் கட்டும் கலையை 2018-ல் யுனெஸ்கோ, இத்தாலி உள்படப் பல நாடுகளின் மரபாக அங்கீகரித்தது. அந்தப் படிகளில் விளைவது திராட்சை. போஸ்கோ, அல்பரோலா, வெர்மென்தினோ என்று மூன்று ரகம். அதிலிருந்து ஒரு வெள்ளை ஒயின். திராட்சையை உலர்த்திப் பிழிந்தால் ஷக்கெத்ரா என்ற இனிப்பு ஒயின். டிராக்டர் எதுவும் ஏற முடியாத சரிவு. அறுவடைக் கூடைகளை ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் ஒரு குட்டி வண்டியில் வைத்துத்தான் இறக்குகிறார்கள்.

இந்தச் சுவர் ஒரு சொத்து. சொத்துக்குத் தேய்மானம் உண்டு. ஒவ்வொரு மழைக்கும் எங்காவது ஒரு இடம் சரியும், யாராவது போய்க் கல்லை எடுத்து அடுக்கணும். அந்த "யாராவது" குறைந்துகொண்டே வந்தார்கள். ரயில் வந்தது 1870-களில். லா ஸ்பெட்சியாவில் கடற்படைத் தளத்திலும் கப்பல் பட்டறைகளிலும் மாதச் சம்பள வேலை இருந்தது. அப்புறம் சுற்றுலா வந்தது. முதுகு ஒடியத் திராட்சை பறிப்பதைவிட ஒரு ரூமை வாடகைக்கு விட்டால் வரும் பணம் அதிகம். யார்தான் மலை ஏறுவார்கள்? நானாக இருந்தாலும் ரூமைத்தான் வாடகைக்கு விட்டிருப்பேன். விளைவு, படி வயல்களில் பெரும்பகுதி கைவிடப்பட்டுப் புதர் மண்டிவிட்டது.

புதர் மண்டினால் என்ன? 2011 அக்டோபர் 25 அன்று கொட்டிய மழையில் வெர்னாட்சாவும் மொன்தெரோஸ்ஸோவும் சேற்றில் புதைந்தன. வெர்னாட்சாவின் தெருவில் ஆள் உயரத்துக்கு மேல் சேறும் கல்லும். உயிர்களும் போயின. அன்றைய மழை எந்த ஊரையும் உலுக்கியிருக்கும் அளவு மழைதான், மறுக்கவில்லை. ஆனால் பராமரிப்பு இல்லாத சரிவு தன் மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளாது என்பதற்கு இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு உதாரணம். ரியோமஜோரேவையும் மனரோலாவையும் இணைக்கும் "காதல் பாதை", வியா தெல்லமோரே. ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத கடலோர நடைபாதை. 2012 செப்டம்பரில் பாறை சரிந்து நாலு சுற்றுலாப் பயணிகள் காயம்பட்டார்கள். மூடினார்கள். வெளியூர்க்காரர்களுக்கு முழுதாகத் திறக்க 2024 ஆனது. பன்னிரண்டு வருஷம், இரண்டு கோடி யூரோவுக்கு மேல் செலவு. இப்போது முன்பதிவு செய்து, நேரம் ஒதுக்கி, கட்டணம் வாங்கித்தான் விடுகிறார்கள். ஒரு சின்னப் பாதையைப் பிடித்து நிறுத்த ஆகும் செலவு இது. மலை முழுக்க என்றால்?

இப்போது சொல்லுங்கள், ஊருக்கு 29 நிமிடம் இருந்துவிட்டுப் போகும் நாம் இந்தச் செலவில் எவ்வளவு ஏற்கிறோம்? இத்தாலியில் பல ஊர்களில் தங்குகிறவர்களிடம் இரவுக்கு இவ்வளவு என்று ஒரு உள்ளூர் வரி உண்டு, இங்கேயும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், ஊரில் படுத்துத் தூங்கி, காலையில் காபி குடித்து, கடையில் காய்கறி வாங்குகிறவன் வரி கட்டுகிறான். கப்பலிலிருந்து கும்பலாக இறங்கி, தெருவை அடைத்து, கப்பலில் கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டைப் படியில் உட்கார்ந்து சாப்பிட்டு, குப்பையை மட்டும் உள்ளூரில் விட்டுப் போகிறவனுக்கு அந்த வரி கிடையாது. சத்தியமாகச் சொல்கிறேன், இப்படி ஒரு ஓவர்ஹெட் பங்கீட்டைப் பரீட்சையில் எழுதினால் எங்க காஸ்ட் அக்கவுண்டிங் மேடம் முட்டை போடுவார்.

இதைத் திருப்பிப் போட வெனிஸ் முயன்றது. 2024 ஏப்ரல் 25-லிருந்து, குறிப்பிட்ட நாட்களில், தங்காமல் வந்து போகிறவர்களுக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணம். நல்ல யோசனைதான். ஆனால் கூட்டம் பெரிதாகக் குறையவில்லை. லட்சக்கணக்கில் செலவழித்து வருகிறவன் 5 யூரோவுக்காகத் திரும்பிப் போவானா? ஆக அரசாங்கம் போடும் கட்டணம் மட்டும் போதாது. திட்டம் போடுகிற இடத்திலேயே, அதாவது அந்த எக்செல் ஷீட்டிலேயே, மாறணும்.

எதிர்பார்க்கும் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில்.

"அங்க உள்ளவங்க சுற்றுலாவை வெச்சுத்தானே பிழைக்கிறாங்க, சந்தோஷப்படணும்ல?" பிழைக்கிறார்கள். அதனால்தான் எந்த மாதிரி சுற்றுலா என்பது முக்கியம். பகல் பத்து மணிக்கு வந்து நாலு மணிக்குப் போகும் கூட்டத்தால் ஐஸ்கிரீமும் ஃப்ரிட்ஜ் காந்தமும் விற்கும். அந்தக் காசு சுவருக்குப் போவதில்லை.

"நாம என்ன பணக்காரங்களா, மூணு நாள் தங்க?" இதுதான் நியாயமான கேள்வி. ஆனால் நாம் ஏற்கெனவே செலவு செய்கிறோம். ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ, கிடைக்காவிட்டாலும் திரும்ப வராது. 30,000 யூரோ கவரேஜ் உள்ள இன்ஷூரன்ஸ் கட்டாயம். விமான டிக்கெட் தனி. இவ்வளவும் மூழ்கிய செலவு, இரண்டு ஊர் பார்த்தாலும் பத்து ஊர் பார்த்தாலும் ஒன்றுதான். கூடக் கூட ஏறுவது ஊருக்கு ஊர் தாவும் ரயில் செலவும், ஒவ்வொரு ஊரிலும் ஒரு ராத்திரி ரூம் செலவும். லிஸ்டிலிருந்து இரண்டு ஊரை அடித்தால் மூன்று ராத்திரிக்கு வழி கிடைத்துவிடும். ஐந்து ஊருக்குள்ளேதான் தங்கணும் என்றில்லை. ரயில் பாதையின் ஒரு முனையில் லெவாந்தோ, இன்னொரு முனையில் லா ஸ்பெட்சியா. பெரும்பாலும் அங்கே வாடகை குறைவு.

"வாழ்க்கையில ஒரு தடவைதான் போவோம், எல்லாத்தையும் பார்த்துடணும்." ஒரே தடவைதான் என்றால் இன்னும் மெதுவாகத்தானே பார்க்கணும்? கல்யாணப் பந்தியில் ஒரே தடவைதான் உட்காரப் போகிறோம் என்பதற்காக இருபது இலையிலும் ஒவ்வொரு வாய் எடுத்து வைத்துக்கொள்வோமா?

"நீ அங்க போயிருக்கியா?" இல்லை. போவதற்கு முன்னால்தானே திட்டம் போடுவார்கள்?

திட்டிவிட்டுச் சும்மா போகக்கூடாது, மாற்றுத் திட்டமும் சொல்கிறேன். ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம், இத்தாலியே லீவில் இருக்கும் மாதம். அக்டோபர் கடைசி, நவம்பர் மழைக்காலம். மே தொடக்கத்தில், வார நாட்களில் போகலாம். லெவாந்தோவில் மூன்று இரவு. ஐந்து ஊரில் இரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். மொன்தெரோஸ்ஸோவிலிருந்து வெர்னாட்சாவுக்கு மலைப்பாதையில் நடக்க இரண்டு மணி நேரம் போல ஆகும், அந்தச் சுவர்களைக் கிட்டத்தில் பார்க்க அதுதான் வழி. அதற்குப் பூங்கா அட்டை வாங்கணும், அந்தக் காசு பாதைப் பராமரிப்புக்கும் போகிறது. நல்ல ஷூ போடுங்கள். ரப்பர் செருப்போடு பாதையில் நடக்கிறவர்களுக்கு அபராதம் என்று 2019-லேயே அறிவித்தார்கள். சாயங்காலம் கப்பல் கூட்டம் போன பிறகு ஊருக்குள் இருங்கள். குடிக்கிறவர்கள் உள்ளூர் ஒயின் ஒரு பாட்டில் வாங்குங்கள், அந்தக் காசில் ஒரு பங்காவது சுவர் கட்டுகிறவன் கைக்குப் போகும். குடிக்காதவர்களுக்கு மொன்தெரோஸ்ஸோ நெத்திலி. சைவம் என்றால் கவலை வேண்டாம், ஃபரினாத்தா என்று கொண்டைக்கடலை மாவில் ஒரு அடை இருக்கிறது. ஒரு நாள்தான் முடியும் என்றால் ஒரே ஒரு ஊர், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆக, எட்டுப் பேருக்கும் சொல்வது இதுதான். அந்த வரியில் 5 என்று இருக்கும் இடத்தில் 72 போடுங்கள். மனசு வராவிட்டால் வரியையே டெலீட் பண்ணிவிடுங்கள். போகாமல் இருப்பதால் அந்த ஊருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. 29 நிமிடத்துக்குப் போவதால்தான் நஷ்டம்.