கேசு வந்தால் ஜோசியரா? வக்கீலா?

நம் மக்களில் ஒருவர் மீது கிரிமினல் கேசு ஏற்பட்டுவிட்டால், அவருடைய குடும்பத்தார் முதன்முதல் யாரைத் தேடி ஓடுகின்றார்கள் என்று கவனித்தால் வெட்கமும் துக்கமும் ஒருங்கே வருகின்றன. போலீசார் ஆளைப் பிடித்துக்கொண்டு போன அன்று மாலையே பெட்டியிலிருந்து ஜாதகம் வெளியே வருகின்றது. ஜோசியன் அதைப் பார்த்து, "ஏழரைச் சனி, ஜென்மத்தில் நிற்கிறான், கம்பி எண்ணித்தான் ஆகவேண்டும், ஆனாலும் பரிகாரம் இருக்கின்றது" என்கின்றான். கம்பி எண்ணித்தான் ஆகவேண்டுமானால் பரிகாரம் எதற்கு? பரிகாரத்தால் தீருமானால் சனிக்கு என்ன யோக்கியதை? இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுக்கின்ற மக்களை நினைத்தே இதை எழுதுகின்றோம்.

நமக்கு நேரில் தெரிந்த சங்கதி ஒன்றைச் சொல்லுகின்றோம். ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்த பையன் மீது, கல்லாப் பணத்தைத் திருடினான் என்று கேசு வந்தது. ரிமாண்டு செய்யப்பட்டான். மேஜிஸ்ட்ரேட், "உனக்கு வக்கீல் வேண்டுமா?" என்று கேட்டதற்கு, பயந்துபோன பையன், "அம்மா பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டான். அம்மாவோ தோட்டை அடகு வைத்து, ஜோசியன் சொன்னபடி ஒரு மண்டலம், அதாவது 48 நாள், எள் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார். 48 நாள் முடிந்த பிறகு திருநள்ளாறு போய்வந்தார். அதற்குள் 60 நாள் கடந்துவிட்டது.

அந்த 60 நாள் என்பது என்ன தெரியுமா? அந்தவிதக் களவு கேசில், ஆளைச் சிறையில் வைத்துக்கொண்டே 60 நாளுக்குள் போலீசார் குற்றப்பத்திரிகை போடாவிட்டால், ஜாமீன் கேட்டுப் பெறுவது அந்த ஆளுடைய உரிமை. மரண தண்டனை, ஆயுள் தண்டனை அல்லது 10 வருஷமும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய பெரிய குற்றங்களுக்குத்தான் 90 நாள். ஆனால் அதைக் கேட்கவேண்டும். எழுத்தில் மனு வேண்டுமென்பது கூட இல்லை, வாயால் கேட்டாலே போதும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2017-ல் சொல்லியிருக்கின்றது. இந்தப் பையனுடைய கேசில் 60 நாளும் ஆயிற்று, குற்றப்பத்திரிகை வரவில்லை, கேட்பதற்கும் ஆளில்லை. சில நாள் கழித்துப் போலீசார் குற்றப்பத்திரிகையைக் கொண்டுவந்து போட்டார்கள். அத்துடன் அந்த உரிமை போயிற்று. சனி பகவான் இருந்தாரோ இல்லையோ, காலண்டர் இருந்தது. அதை எடுத்துப் பார்ப்பதற்கு ஒரு வக்கீல் இல்லை.

பிறகு நம் தோழர்கள் இருவர் இலவசச் சட்ட உதவி ஆபீசுக்குப் போய்ச் சொல்லி, ஒரு வக்கீல் வந்து, வேறு நியாயங்களைக் காட்டி ஜாமீன் வாங்கினார். பையன் வெளியே வந்தான். அந்தத் தாயார் செய்த முதல் வேலை என்ன? சனி பகவானுக்குக் கருப்பு வஸ்திரம் சாத்தியதுதான்! மனு எழுதியவர் வக்கீல், பெயர் சனிக்கு! அந்தத் தாயார் மீது நமக்குக் கோபமில்லை. பெற்ற வயிறு எதையும் செய்யும். அந்த வயிற்றெரிச்சலிலும் கைநீட்டிக் காசு வாங்கினானே, அவன் மீதுதான் கோபம்.

நிற்க, கேசு என்பது என்ன? வானத்திலிருந்து விழுவதா? ஒரு மனிதன் புகார் கொடுக்கின்றான். ஒரு மனிதன் அதை முதல் தகவல் அறிக்கையாக எழுதுகின்றான். சில மனிதர்கள் சாட்சி சொல்லுகின்றார்கள். ஒரு மனிதன் தீர்ப்பு எழுதுகின்றான். ஆதிமுதல் அந்தம் வரை மனிதன் கைவேலை. மனிதன் எழுதியதில் பிழை இருக்கும், பொய் இருக்கும், நேரமும் தேதியும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கும். அதைக் கண்டுபிடித்துக் குறுக்கு விசாரணையில் வெளிப்படுத்துவதற்கு அந்த வித்தை படித்த மனிதன் ஒருவன் வேண்டும். வயிற்றுவலிக்கு வைத்தியன், கூரை ஒழுகினால் கொத்தன், கேசுக்கு வக்கீல். இதில் தெய்வத்துக்கு என்ன வேலை?

"வக்கீல் வைத்தால் மட்டும் தலையெழுத்து மாறிவிடுமா?" என்று கேட்பவர்களுக்கு, அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்லுகின்றோம். புளோரிடா மாகாணத்தில் கிளாரன்ஸ் கிடியன் என்ற ஓர் ஏழை மீது, 1961-ல், ஒரு பில்லியர்ட்ஸ் விடுதியை உடைத்துத் திருடியதாகக் கேசு வந்தது. "எனக்கு வக்கீல் வைக்கப் பணமில்லை, சர்க்கார் வைத்துக் கொடுக்கவேண்டும்" என்று கேட்டார். மரண தண்டனைக் கேசுக்குத்தான் அப்படி உண்டு என்று நீதிபதி மறுத்துவிட்டார். கிடியன் தாமே வாதாடினார். 5 வருஷம் தண்டனை. அவர் சிறையிலிருந்தபடியே பென்சிலால் ஒரு மனு எழுதி அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டுக்கு அனுப்பினார். 1963 மார்ச்சு 18-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாக, ஏழைக்கு வக்கீல் கொடுக்காமல் நடத்திய விசாரணை செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் மறுவிசாரணை நடந்தது. அதே ஊர், அதே நீதிபதி, அதே முக்கிய சாட்சி. இந்தத் தடவை வக்கீல் இருந்தார். அந்தச் சாட்சியைக் குறுக்கே கேட்டார். ஜூரிகள் சுமார் ஒரு மணி நேரத்தில் குற்றவாளியல்ல என்றார்கள்.

தோழர்களே! ஆள் மாறவில்லை, அவர் பிறந்த நேரம் மாறவில்லை, நெற்றி மாறவில்லை. வக்கீல் வந்தார், தலையெழுத்து மாறிற்று. இதைவிட ருசு என்ன வேண்டும்?

தெய்வத்தைச் சாட்சிக்கும் நீதிக்கும் கூப்பிட்டுப் பார்த்த காலமும் நம் நாட்டில் இருந்ததுதான். பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பிடி, தண்ணீரில் முழுகு, விஷத்தைக் குடி, பிழைத்தால் நிரபராதி என்று சாஸ்திரம் எழுதிவைத்தார்கள். அதே சாஸ்திரக்காரன் மனு, மரண தண்டனைக்குரிய குற்றத்துக்கும் பார்ப்பானுக்குத் தலையைச் சிரைத்தால் போதுமென்று எழுதினான். கடவுள் நீதி என்பதன் யோக்கியதை இது! இரும்பு எல்லார் கையையும் சுட்டது. சாஸ்திரம் மாத்திரம் ஆள் பார்த்துச் சுட்டது.

"நீர் சொல்வதெல்லாம் சரி, வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் எங்கே?" என்று கேட்கலாம். பரிகாரத்துக்கு இருந்த பணம் இதற்கு இல்லாமற் போனது எப்படி என்பது ஒருபுறமிருக்கட்டும். பணமே இல்லாதவனுக்கும் வழியுண்டு. கைதான எவரும் தமக்கு இஷ்டமான வக்கீலைக் கலந்துகொள்ளலாம், கைதுக்குக் காரணம் சொல்லவேண்டும், பிரயாண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மேஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தவேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு கூறுகின்றது. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு நம் நாக்கில் நுழையாத சமஸ்கிருதப் பெயரைச் சூட்டியிருக்கின்றார்கள். பெயர் எதுவானாலும் இந்த உரிமைகள் போய்விடவில்லை.

இலவச வக்கீலுக்காக 1987-ல் ஒரு தனிச் சட்டமே செய்யப்பட்டு, 1995 முதல் அமுலில் இருக்கின்றது. அதன்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர், ஆலைத் தொழிலாளர், காவலில் இருப்போர் ஆகியோர் வருமானம் எவ்வளவு என்ற கேள்வியின்றியே சர்க்கார் செலவில் வக்கீல் பெறலாம். வருமானம் குறைந்த மற்றவர்களும் பெறலாம். ஜில்லாக் கோர்ட்டிலும் தாலூகாக் கோர்ட்டிலும் இதற்கு ஆபீசு இருக்கின்றது. 15100 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தாலும் போதும். மேஜிஸ்ட்ரேட் முன் முதன்முதல் நிறுத்தும்போதே இந்த உரிமை பிறந்துவிடுகின்றது என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. இலவச வக்கீல் உண்டென்று எடுத்துச் சொல்லாமல் நடத்திய விசாரணையில் கொடுத்த தண்டனையை 1986-ல் ரத்தே செய்தது. இது பிச்சையல்ல, உரிமை. கோவில் வாசலில் கையேந்துவதற்குக் கூசாதவன், உரிமையைக் கேட்பதற்கு ஏன் கூசவேண்டும்?

இனி, வக்கீல்களைத் தெய்வமாக்குவதும் நம் நோக்கமல்ல. கோவிலுக்குத் தரகன் இருப்பதுபோல் கோர்ட்டு வாசலிலும் தரகன் இருக்கின்றான். "ஐயாவை எனக்குத் தெரியும், ஸ்டேஷனிலேயே முடித்துவிடலாம்" என்பவனிடம் ஒரு காசும் கொடாதீர்கள். "கட்டாயம் விடுதலை" என்று உறுதி சொல்லும் வக்கீல் கருப்புக் கோட்டுப் போட்ட ஜோசியன்; அவனை நம்பாதீர்கள். "விடுதலையானால் இவ்வளவு" என்று பீஸ் பேசுவது அவர்கள் தொழில் விதிப்படியே தவறு. பீஸ் எவ்வளவு, எதெதற்கு என்று முதலிலேயே கேட்டு, ரசீது வாங்குங்கள். இந்த மாதிரிக் கேசு முன்பு நடத்தியிருக்கின்றாரா, வாய்தாவுக்குத் தாமே வருவாரா, ஜூனியரை அனுப்புவாரா என்று கேளுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வெற்றுக் காகிதத்தில் யாருக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். போலீசாரிடம் ஒப்புக்கொண்டது சாட்சியமாகாது. ஆனால் அதைக்கொண்டு பொருள் ஏதாவது கண்டெடுக்கப்பட்டால் அந்த மட்டில் செல்லும். ஆகையால் வக்கீலைப் பார்க்குமுன் வாயைத் திறப்பதில் நிதானம் வேண்டும். வக்கீலிடம் மாத்திரம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

இன்னொன்று. "நம்ம சாதி வக்கீல்" என்று தேடுவது சுத்தப் பைத்தியக்காரத்தனம். காலொடிந்தால் சாதி பார்த்தா கட்டுப்போடுகின்றோம்? எதிரி வைத்த சாட்சி உம்முடைய சாதியாகவே இருப்பானே, அப்போது என்ன செய்வீர்?

"குற்றம் செய்தவனுக்கும் வக்கீலா?" என்று சிலர் கேட்கின்றார்கள். செய்தானா இல்லையா என்பதைக் கண்டுபிடிக்கத்தானே கோர்ட்டு? செய்தவனே ஆனாலும், செய்ததற்குமேல் ஒரு நாள் கூட அவன் சிறையிலிருப்பது நீதியாகுமா?

கடைசியாக, நம் இயக்கத் தோழர்களே ஒன்று கேட்பார்கள்: "பெரியார் எதிர்வழக்காடினாரா? 1957 நவம்பர் 26-ல் அரசியல் சட்டத்தைக் கொளுத்திச் சிறைக்குப் போன ஆயிரக்கணக்கானவர்கள் வக்கீல் வைத்தார்களா?" என்று. உண்மைதான். ஆனால் அவர்கள் இன்ன காரியத்தை இன்ன நோக்கத்துக்காகச் செய்தோம் என்று நெஞ்சு நிமிர்த்திச் சொன்னவர்கள். சிறைதான் அவர்களுடைய பிரசாரம். செய்யாத களவுக்கு ஒரு மளிகைக் கடைப் பையன் உள்ளே கிடப்பது எந்தப் பிரசாரம்? கொள்கைக்காகச் சிறை ஏகுவது மானம். அறியாமையினால் சிறையில் அழுகுவது அவமானம்; அதுவும் அவனுக்கல்ல, அவனுக்கு வழி சொல்லாத நமக்கு.

ஆகவே தோழர்கள் ஒன்று செய்யவேண்டும். உங்கள் ஊரில் எவர் வீட்டிலாவது போலீசார் ஆளைப் பிடித்துப்போனால், அந்த வீட்டுக்கு ஜோசியன் போகுமுன் நீங்கள் போகவேண்டும். அவர் எந்தச் சாதி, எந்தக் கட்சி என்று பாராமல், சட்ட உதவி ஆபீசு இருக்குமிடத்தைச் சொல்லி, அந்தத் தாயாரைக் கையோடு அழைத்துப் போகவேண்டும். ரிமாண்டு செய்த தேதியைச் சுவரில் எழுதி, ஒவ்வொரு நாளாக எண்ணவேண்டும். 48 நாள் விளக்குப் போடத் தெரிந்த மக்களுக்கு 60 நாள் எண்ணத் தெரியாமற் போகாது. எண்ணிக் காட்டத்தான் ஆள் வேண்டும்.