விலக்கப்பட வேண்டியது எது?

'மாதவிலக்கு' என்னும் பெயரிலேயே விலக்கு இருக்கிறது. அடுப்படியிலிருந்தும் ஆலயத்திலிருந்தும் பெண்ணை விலக்கிய சமுதாயம், விளையாட்டுத் திடலிலிருந்தும் அவளை விலக்குகிறது. திடல்தடப் போட்டி நெருங்கும் வேளையில், "இந்த நாளில் ஓடினால் உடம்பு கெட்டுவிடும்" என்று மகளை வீட்டில் நிறுத்தும் தாய்மார் உளர். மறுபேச்சின்றிப் பட்டியலிலிருந்து அவள் பெயரை அடித்துவிடும் ஆசிரியரும் உளர். இது பரிவா, பாதகமா?

2002ஆம் ஆண்டு, சிகாகோ மாரத்தான் ஓட்டத்தில் இங்கிலாந்தின் பவுலா ராட்கிளிஃப் 2 மணி 17 நிமிடம் 18 வினாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். அன்று அவர் மாதவிலக்கு வலியோடுதான் ஓடினார். உடம்பு கெட்டுவிடும் என்போர் இதற்கு என்ன விடை கூறுவர்?

அதற்காக, "ஒன்றுமே இல்லை, ஓடு" என்று அதட்டுவதும் அறியாமையே. 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில், தொடர் நீச்சலில் சீன அணி நான்காம் இடம் பெற்றது. முதல் நாள் இரவு தமக்கு மாதவிலக்கு வந்ததையும் அதனால் சோர்ந்திருந்ததையும் வீராங்கனை ஃபூ யுவான்ஹுய் மறைக்காமல் கூறினார். உலகம் வியந்தது, வியந்ததே வெட்கக்கேடு!

அறிவியல் என்ன சொல்கிறது? 78 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளிவந்த மதிப்பீடு ஒன்று, மாதவிலக்கின் தொடக்க நாள்களில் ஆற்றல் குறையக்கூடும் என்றாலும் அக்குறைவு மிகச் சிறிதே என்கிறது. ஆளுக்கு ஆள் அது வேறுபடும். ஒருத்திக்குக் கடும் வலி. மற்றொருத்திக்கு ஒன்றுமே தெரியாது. உதிரப்போக்கு மிகுந்தால் இரும்புச்சத்துக் குறைந்து, ஓடுபவள் விரைவில் களைப்பாள். கடும் பயிற்சிக்கு ஈடான உணவின்றி மாதவிலக்கே நின்றுபோனால், அதைத் தொல்லை ஒழிந்தது என்று மகிழலாகாது. அது எலும்பைத் தேய்க்கும் எச்சரிக்கை. மருத்துவரை நாட வேண்டிய வேளை.

ஆகவே, பொதுவிதி எதுவும் செல்லாது. அவளைக் கேட்க வேண்டும். அவள் சொல்லத் துணிய வேண்டும். ஆறாம் ஆண்டு மாணவியரிலேயே பூப்பெய்தியோர் பலர். அவர்கள் தயங்காமல் பேச ஓர் ஆசிரியை, தண்ணீர் வரும் கழிவறை, அணையாடை, கருநிறக் காற்சட்டை, நாள் குறிக்க ஒரு சிறு ஏடு: இவை பள்ளியால் இயலாதவையா? வெள்ளுடைக்குப் பெயர்போன விம்பிள்டனே 2023 முதல் வீராங்கனையர்க்குக் கருநிற உட்காற்சட்டையை அனுமதித்துவிட்டது. பள்ளி விளையாட்டுச் சீருடை மட்டும் மாறக்கூடாதா?

ஓடுவதா, ஓய்வதா என்பதை அவள் உடல் சொல்லட்டும். ஊர்வாய் சொல்ல வேண்டாம். விலக்கப்பட வேண்டியது பெண்ணன்று, பெரியோரின் கூச்சமே!